சுவரில் ஏறிய கரிக்கோடு

அக்கா,

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார். இட்லிக் கடையின் பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டே வந்தவர், அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் கரிக்கோடுகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க வளர்ந்த ஒயரமாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க, என் கை வளர்ந்த ஒயரம்" என்றேன். மனுஷர் ஒரு அடி தள்ளி நின்று என்னைப் பார்த்தார். கையில் ஒரு டீயைக் கொடுத்து அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

அக்கா என்றதும் இந்நேரம் உனக்கு மூக்கு சிவந்திருக்கும். என்னைவிட நீ ஆறு மாசம்கூட மூத்தவள் இல்லை. கூப்பிட்டால் கோபம் வருகிறது என்று தெரிந்துதானே கடைசிவரைக்கும் அப்படியே கூப்பிட்டேன்.

எங்கள் லைன் வீட்டின் கோடிக்கு நீ குடிவந்த அன்று உன்னை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் கேபிளில் காலையில் சாமிப் பாட்டு முடிந்ததும் மனை விற்கிற விளம்பரத்துக்கு முன்னால் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க நீதானே வருவாய். ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடி மாநிலப் போட்டி வரைக்கும் போன கெலமங்கலத்துப் பெண். நீல டிராக் பேண்ட், கழுத்தில் விசில். கம்பெனியில் பகல் ஷிப்டு முடித்துவிட்டு, கேபிள் ஆபீஸ் மாடியில் பெட்ஷீட்டை ஆணியில் மாட்டி, சத்தம் வருகிறது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய நீ குதிப்பதைக் கேபிள்காரன் சாயங்காலமே கேமராவில் பிடித்து வைத்து மறுநாள் காலையில் போடுவான். பால் வாங்க வந்த உன்னிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "டிவியில ஒல்லியா தெரியிறீங்க, நேர்ல அகலமால்ல இருக்கீங்க" என்பது. "டிவி பொட்டி சின்னது மே, அதுக்குத் தக்கன சுருங்கிக்கினு போறேன்" என்றாய், பெண்களைக் கூப்பிடுகிற உங்கள் ஊர் 'மே'யோடு. அப்போதே தெரிந்துவிட்டது, இவள் நமக்குத் தோதான ஆள் என்று.

நம் ஊர் சங்கதி உனக்குத் தெரியாததா. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, அடுத்த கதவு கன்னடம். யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று நீ எல்லாப் பயிற்சியையும் மூன்று தரம் எண்ணுவாய். முதல் பத்து தமிழில், அடுத்த பத்து தெலுங்கில், கடைசிப் பத்து கன்னடத்தில். ஒருநாள் காலையில், நிகழ்ச்சி ஓடுகிற நேரத்தில், யார் யார் செய்கிறார்கள் பார்ப்போம் என்று வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் தமிழ்ப் பத்தை முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெலுங்குக்காரம்மா அப்போதுதான் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். மூன்றாம் வீட்டுக் கன்னடக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். "எங்க முறை இன்னும் வரலை" என்றாள் உன்னிடம், ரேஷன் கடையில் நிற்கிறவள் மாதிரி.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூணு பாஷை தெரிஞ்ச ஊருன்னு பெருமையா இருந்தேன் மே. மூணுல ஒரு பங்கு வேலை செய்யத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்றாய். மறுநாளிலிருந்து எண்ணிக்கையைக் கலந்து விட்டாய். தமிழில் ஒண்ணு, தெலுங்கில் ரெண்டு, கன்னடத்தில் மூரு, மறுபடி நாலு, ஐது, ஆரு, ஏழு, எனிமிதி, ஒம்பத்து, பத்து. எவளும் உட்கார வழியில்லாமல் போயிற்று. பாவி, கரண்ட் போய் டிவி அணைந்தாலும் சுவருக்குச் சுவர் அந்த எண்ணிக்கை நிற்காமல் ஓடும்.

அப்புறம்தான் என் வலது தோள் இறுகிப்போனது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இப்படி வரும், பழக்கினால்தான் சரியாகும் என்றார் டாக்டர். தோசைக் கரண்டியைச் சுழற்ற முடியவில்லை. இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்க என் வீட்டுக்காரர் ஷிப்டு விட்டு வர வேண்டியிருந்தது. கடையை மூடிவிட்டு எங்கள் சொந்த ஊர் விருதுநகருக்கே திரும்பிவிடலாமா என்று பேச்சு நடந்தது. அதைவிடக் கேவலமாகப் பட்டது தலைமுடிதான். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் என் மகள் எனக்கு வாரிவிட்டுப் போவாள். எல்லோரையும் வாயால் வாருகிற எனக்கு என் தலையை வாரிக்கொள்ளத் தெம்பில்லை.

வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ மட்டும் நம்பவில்லை. இந்தச் சுவரில் என் விரல்களை எறும்பு மாதிரி ஏறவிடச் சொல்லி, எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் கோடு போட்டாய். முதல் கோடு என் மூக்குக்கு நேராக இருந்தது. பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, உச்சியில் ஒரு கோடு இழுத்தாய். "உன் கை போற இடம் அது." அங்கே பல்லிதான் போகும் என்றேன் நான்.

வீட்டில் விட்டால் ஏமாற்றுவேன் என்று தெரிந்து, என்னை டிவிக்கே இழுத்துக்கொண்டு போனாய். நான் சேலையோடு. நீ ஊருக்கு என்னை அறிமுகப்படுத்திய அழகு இருக்கிறதே: "இவங்க எங்க லைன் வீட்டு அம்மா. வாய் வானம் வரைக்கும் போகும், கை காது வரைக்கும்தான் போகும். தினம் பாருங்க, கை வாயைப் பிடிச்சிடும்." மறுநாள் கடையில் ஒரு இட்லி வாங்குகிறவன்கூட, "கை எதுவரைக்கும்க்கா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனால் அங்கேயும் ஒருத்தி கேட்கிறாள். கட்சிக்காரன் பிரச்சாரத்துக்குப் போன மாதிரி நான் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நடுவில் ஒரு கோட்டோடு கை நின்றுவிட்டது. நாளாக ஆக வலிதான் ஏறியது, விரல் ஏறவில்லை. இனி வரமாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உன்னைப் பார்த்து, நீ ஜெயித்தவள், உனக்கு என்ன தெரியும் என்றும் கேட்டேன். நீ பேண்ட் காலைச் சுருட்டி முழங்காலைக் காட்டினாய். எத்தனை தையல்.

"யாருமே ஜெயிச்சேன்னு சொல்லலை மே, நீங்களா நெனச்சுக்கினீங்க. கடைசித் தடையில மாட்டி விழுந்தேன். கோடு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. எழுந்து நொண்டிக்கினாவது போயிருக்கலாம். அப்படியே படுத்துக்கினு அழுதேன். எழுந்திருன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா போதும்."

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு நீ சொன்னாய், "எழுந்திரு." எழுந்தேன். விரலைச் சுவரில் வைத்தேன்.

அந்தக் குளிர்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியபோது, ஒருநாள் மகளிடம் வாரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கேபிள் ஆபீஸ் படியேறினேன். பேய் ஓட்டக் கூட்டி வந்திருக்கிறார்களா என்று கேபிள்காரன் கேட்டான். கேமரா ஓடும்போது நீ எண்ண ஆரம்பித்தாய். நான் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முடியைச் சேர்த்து முறுக்கிக் கொண்டை போட்டேன். நீ பத்து சொல்ல மறந்துவிட்டாய். ஒம்பத்துடன் நின்றுவிட்டது. ஏதாவது பெருமையாகச் சொல்வாய் என்று பார்த்தால், "கோணலா இருக்கு. அவுத்துட்டு மறுபடி கட்டு" என்றாய். மறுபடி கட்டினேன். கேபிள்காரன் வெட்டாமல் அப்படியே போட்டான். மறுநாள் காலையில் ஊர் முழுக்க என் கோணல் கொண்டையைப் பார்த்தது. கன்னடக்காரம்மா வாசலில் நின்று, "இன்னும் கோணல்தான்" என்று கத்தினாள்.

கடை இருக்கிறது, அக்கா. மகள் கல்யாணம் கடை வருமானத்தில்தான் நடந்தது. போன ஆவணியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. கடைசியாகப் பார்க்க வந்தபோது, ஊசி குத்திய கையைத் தூக்க முடியாமல் கிடந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு, மூரு என்று எண்ணினேன். இரண்டு விரலைத் தூக்கினாய். கோணலாக இருக்கிறது என்றேன். சிரித்தாய். உன்னிடம் நன்றி என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிண்டல் என்று நினைத்திருப்பாய், அதுவும் சரிதான். இப்போது சொல்கிறேன், கிண்டல் இல்லை.

டீயைக் குடித்துவிட்டு வந்த ஆள், அந்தக் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு அடிக்கட்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷர். வேண்டாம், எல்லாவற்றையும் அடிங்க என்றேன். கீழிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. உச்சிக்கோடு அவருக்கு எட்டவில்லை. ஆள் கட்டை. ஸ்டூல் கேட்டார்.

வெள்ளையடிக்கிற மட்டையை என்னிடம் கொடுங்க என்று வாங்கி, வலது கையை உயர்த்தி, நானே அடித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூரு என்று வாய் தன்னால் எண்ணிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு முழங்கை வழியாக ஒழுகி ரவிக்கைக்குள் போயிற்று.

கோடு போய்விட்டது, அக்கா. கை மேலேயே இருந்தது.