வடிதாளில் மிஞ்சியது

மார்ச் 4
லேபில் எஃகைக் கரைக்கும் ப்ரோமின் தீர்ந்துவிட்டது. புதுசு வர பத்து நாள் ஆகும் என்கிறார் ஸ்டோர்காரர், என்னமோ அவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவை நான் காலி செய்துவிட்டதுபோல. சரி என்று அதற்குப் பதில் அயோடினை மெத்தனாலில் கலந்து, சோதனைக்கு வந்த எஃகுத் துருவலைப் போட்டேன். இரும்பு கரைந்துவிடும்; உருக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட அழுக்கு மட்டும் வடிதாளில் நிற்கும். நின்றதை எடை போட்டால் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. எந்த உலை என்று சீட்டைப் பார்த்தேன் — அத்தானுடையது. அக்கா வீட்டுக்காரர்தான் அங்கே ஃபோர்மேன்.

மார்ச் 5
அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். "சொந்தக்காரர்னு பாக்கலையே, சபாஷ்!" என்றார் மேனேஜர். உச்சி குளிர்ந்தது, மறைப்பானேன்.

மார்ச் 7
அத்தானைப் பழைய இரும்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா போனில் — "உன் குடுவைக்கு என் வீட்டுக்காரர்தான் கெடச்சாரா?"

மார்ச் 8
அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 14
ப்ரோமின் வந்தது. மனசு கேட்காமல், மிச்சமிருந்த அதே துருவலை அதில் கரைத்தேன். வடிதாளில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அன்றைக்கு அயோடின் விட்டுவைத்தது அழுக்கே இல்லை, எஃகில் இயல்பாகவே இருக்கும், இரும்பும் கரியும் சேர்ந்த கார்பைடு. ப்ரோமின் அதையும் கரைத்துவிடும், அயோடின் கரைக்காது. இது எனக்குத் தெரியாதா? படிச்சு மார்க் வாங்கினவதானே! மூன்று மடங்கு வந்தால், வேறு யாருடையதாக இருந்தாலும் ப்ரோமின் வரும்வரை காத்திருந்து இன்னொரு தடவை செய்திருப்பேன். அத்தானுடையது என்பதால்தான் அப்படியே கையெழுத்துப் போட்டேன். நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயம். அதுக்கு நேர்மைன்னு பேர் வெச்சுக்கிட்டேன்.

மார்ச் 15
நானே மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? துருவலை, சீட்டிலிருந்த உலை நம்பரை மறைத்து, பக்கத்து மேசை அம்மாவிடம் சோதிக்கக் கொடுத்தேன். "நல்ல சுத்தமா இருக்கே, யாரோடது?" என்றார். முடிவை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன்.

மார்ச் 16
தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். "இப்பதான் சொந்தம் ஞாபகம் வந்துச்சோ?" என்றார் மேனேஜர். அந்த அம்மாவின் தாளை நீட்டினேன். படித்தார், இருமினார். மூன்று மாதம் எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாதாம். போகட்டும்.

மார்ச் 20
அத்தான் இன்றைக்கு உலைக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான்தான் கேட்டார்.

"தப்பு எல்லாருக்கும் வரும். வேற ஒருத்தன் இரும்பா இருந்தா, இன்னொரு தரம் பாத்திருப்பியா, மாட்டியா?"

"பாத்திருப்பேன்."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.