ஆறு மணிக் காத்து

மார்ச் 3, திங்கள்

பத்துப் பேரு வந்து இறங்கியிருக்காங்க. புகைப் பயிற்சியாம், பன்னெண்டு நாளு. ஆலைப் புகைபோக்கியிலேருந்து கிளம்புற புகை எங்க போய் விழும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடக் கத்துக்கணுமாம். புகை எங்க விழும்னு தெரியணும்னா எங்க அக்கா வீட்டுக் கொடிக்கயித்த விரலால தடவிப் பாத்தா போதாதா? அதுக்குப் பத்துப் பேரு, ஒரு வாத்தியாரு, நாளைக்கு மூணு டீ. டீ போடுறது நான்.

வாத்தியாரு வெயில் ஊர்க்காரரு. பூமிக்கு இடுப்புப் பக்கமாம் அவரு ஊரு, அவரே சொன்னாரு. இங்க ரெண்டு ஸ்வெட்டர் மாட்டியும் கிடுகிடுன்னு நடுங்குறாரு. உடம்பு நடுங்கினாலும் வாய் நடுங்கல. உள்ள ஒரு கட்டம் போட்ட சட்டை. கட்டச்சட்டைன்னு பேர் வச்சாச்சு.

இந்தக் கட்டடத்துல எனக்கு மூணு வேலை. கதவு திறக்கிறது, டீ, அப்புறம் மொட்டைமாடிக் காத்துக் கம்பம். கம்பத்துல ஒரு அம்பு இருக்கு, காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கம் திரும்பும். தானா எழுதிக்கிற பெட்டி ஒண்ணு இருந்துச்சு, செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. ரிப்பேருக்கு ஆள் வர்றான் வர்றான்னு சொல்றாங்க, இன்னும் வந்துக்கிட்டே இருக்கான். அதனால நான் பாத்து நோட்டுல எழுதணும். காலைல ஆறு, ஒம்பது, சாயங்காலம் அஞ்சு. இருபத்திரெண்டு படி ஏணி. என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு!

ஆறு மணிக்கு எவன் வருவான்? ஒம்பதுக்கு வந்து, பால் கொதிக்கிறப்போ சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு ஆலைப் புகையப் பாப்பேன். எந்தப் பக்கம் சாயுதோ அத வச்சு ஒம்பதுக்கும் எழுதுவேன், ஆறுக்கும் எழுதுவேன். காத்து என்ன மூணு மணி நேரத்துல கட்சி மாறிடப் போகுதா?

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சிக்கு எடுத்திருக்கிற ஆலை நம்ம ஈயம் உருக்குற ஆலையேதான். ரெண்டாவது புகைபோக்கி கட்ட அனுமதி கேட்டிருக்காங்களாம். "இங்க போடுற கணக்கு வெறும் பாடம் இல்ல, கடைசில வர்ற தாள் அனுமதி ஃபைல்ல போகும்"னு ஆபீஸ் மேடம் சொன்னாங்க. பள்ளத்துல இருக்கிற நாப்பது வீட்டு மேல விழுற புகையோட அளவு, சட்டத்துல போட்ட கோட்டைத் தாண்டினா அனுமதி இல்ல. தாண்டலைன்னா உண்டு.

அந்த நாப்பதுல பதினேழாவது வீடு எங்க அக்காவோடது. லாட்ஜ் விரிப்பெல்லாம் துவைச்சுக் குடுக்கிறா. ஒரு புகைபோக்கிக்கே விரிப்பு மிளகு தூவின மாதிரி ஆகுது, லாட்ஜ்காரன் திருப்பி அனுப்புறான். இன்னொண்ணு வந்தா அவ கடையக் கட்ட வேண்டியதுதான். விரிப்பத் துவைக்கலாம், உள்ள போன ஈயத்த எங்க போய்த் துவைக்கிறது?

சரி, படிச்சவங்க பாத்துப்பாங்க. பாத்து கிழிப்பாங்க.

மார்ச் 5, புதன்

பிஸ்கட் தீந்து போச்சு. மூணாம் நாளே.

மார்ச் 6, வியாழன்

இன்னிக்கு வரைபடம் பொறுக்கற பாடம். டீ குடுத்துட்டு ஓரமா நின்னு கேட்டேன். பூமி உருண்டையாம், தாள் தட்டையாம், உருண்டையத் தட்டையில விரிச்சா எங்கயாவது இழுபடுமாம். அதனால விரிக்கிறதுக்கே நூறு முறை வச்சிருக்காங்க. எந்த ஊருக்கு எந்த முறைன்னு பொறுக்கணும். கட்டச்சட்டை நூறையும் காட்டல. போன்ல வர்ற படம் எந்த முறையோ அதையே எடுத்துக்கச் சொல்லிட்டாரு. பின்னாடி வீடு, ரோடு எல்லாம் அழகா தெரியுமாம்.

சுருட்டைமுடி ஒரு பொண்ணு, நகராட்சி வேலை, முப்பது வயசு இருக்கும். அது மட்டும் கேட்டுச்சு: "சார், இது நம்ம குளிர் ஊருக்குச் சரியா வருமா?"

"இருபது வருஷமா எங்க ஊர்ல இதுலதாம்மா போடுறேன். ஒரு அடி பிசகினதில்ல."

எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துச்சு, அக்கா வீட்டுக்காரரு. பக்கத்து வீட்டு நிலைய அளந்துட்டுப் போய் தன் வீட்டுக்குக் கதவு செஞ்சுட்டு வந்தாரு. ரெண்டும் ஒரே மேஸ்திரி கட்டினதுதானேன்னு. கதவு அரை அடி நீட்டம். அவரு கதவ அறுக்கல, சுவத்த இடிச்சாரு. அந்தச் சுவரு அப்புறம் நிக்கவே இல்ல, அது தனிக் கதை. கட்டச்சட்டையப் பாத்தா மாமாவுக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கு.

மார்ச் 7, வெள்ளி

இன்னிக்கு என் நாளு!

திரையில படம் போட்டு ஆலை வாசல்லேருந்து பள்ளத்து முதல் வீட்டுக்குக் கோடு இழுத்தாங்க. ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர்னு வந்துச்சு. கையில டீத் தட்டு. வாய் சும்மா இருக்கல.

"எண்ணூத்தி நாலு"ன்னேன்.

எல்லாரும் திரும்பினாங்க. கட்டச்சட்டை சிரிச்சாரு. "அண்ணே, நீங்களும் கணக்குல இறங்கிட்டீங்களா?"

"கணக்கு இல்லைங்க, குழாய். ஆலை வாசல்லேருந்து பள்ளத்துக்குத் தண்ணி லைன் போட்டது நானு. ஆறு மீட்டர் குழாய், நூத்தி முப்பத்திநாலு. நூத்தி முப்பதாவது குழாய்லதான் இந்த முட்டி போச்சு. மறப்பேனா?"

ஒருத்தன் பின்னாடி "டீ ஆறுதுண்ணே"ன்னான். ஆறட்டும்னேன். சுருட்டைமுடி மட்டும் சிரிக்கல. குனிஞ்சு என்னமோ தட்டிச்சு. அப்புறம் மெதுவா சொல்லுச்சு: "சார், அவரு சொல்றதுதான் சரி. இந்தப் படம் பூமியோட இடுப்புல மட்டும்தான் சரியான அளவு. மேல போகப் போக இழுத்துடுது. நம்ம ஊர்ல ஒண்ணரை மடங்குக்கு மேல."

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. தொப்பைக்கு அளவெடுத்துட்டு கழுத்துக்கும் அதே அளவுல தச்ச சட்டை. அவரு ஊரு தொப்பையில இருக்கு, நம்ம ஊரு கழுத்துல இருக்கு. அங்க கச்சிதம், இங்க தொளதொளன்னு. அக்கா வீட்ட நானூறு மீட்டர் அந்தப் பக்கம் தள்ளி வச்சுட்டு, புகை எட்டலைன்னு சொல்லப் பாத்தாங்க!

கட்டச்சட்டை திரைகிட்ட போய்த் தானே ஒரு தடவை அளந்து பாத்தாரு. அப்புறம் பத்துப் பேரு முன்னாடியும், "என் தப்பு. எங்க ஊர்ப் பழக்கத்துல பண்ணிட்டேன். திங்கக்கிழமை இந்த ஊருக்குன்னு இருக்கிற படத்துல முதல்லேருந்து போடலாம்"னாரு. நல்லா நடிக்கிறாரு.

மார்ச் 8, சனி

அக்கா வீடு. குழாய்க் கதையச் சொன்னேன், ஒண்ணுக்கு ரெண்டு தடவை. ஒரு வார்த்தை மெச்சல அவ. விரிப்ப என் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டினா. புள்ளி புள்ளியா.

"எப்ப விழுது இது?"

"விடிகாலைல. கொடியில போட்டதும் விழுது. ஆலை இருக்கிற மேட்டுலேருந்து அப்படியே ஊர்ந்து வரும். ஒம்பது மணிக்குக் காத்து திரும்பி ஏரிப் பக்கம் போயிடும்."

"போக்கா. காலைலயும் ஏரிப் பக்கம்தான். நோட்டுல நான்தானே எழுதுறேன்."

"ஆறு மணிக்கு நீ எங்கடா இருக்க? கம்பளிக்குள்ள. அங்க எந்தக் காத்துடா வந்துச்சு உனக்கு?"

இவளுக்கு எப்பவும் ஒரு குறை. கிளம்பி வந்துட்டேன்.

மார்ச் 10, திங்கள்

புதுப் படம். நம்ம ஊருக்குன்னு தச்ச சட்டை. கோடு இழுத்தா எண்ணூத்தி ஆறு. ரெண்டு மீட்டர் அவங்க தப்பு, என் குழாய் தப்பு இல்ல.

சாயங்காலம் கணக்கு வந்துச்சு. புகை மொத்தமும் ஏரி மேல நீட்டிப் படுத்திருக்கு. பள்ளத்துப் பக்கம் ஒரு இழை கூட எட்டிப் பாக்கல. வீடு பக்கத்துல வந்தும் அளவு கோட்டுக்குக் கீழேதான். அனுமதி உண்டுன்னு அர்த்தம்.

"வீட்ட இவ்வளவு கிட்ட கொண்டுவந்தும் ஏறலையே, ஏன் சார்?" — சுருட்டைமுடி.

"காத்து அந்தப் பக்கம் வீசவே இல்லையேம்மா. போன வருஷக் காத்து நோட்ட அப்படியே ஏத்தியிருக்கோம். விடிகாலைல பள்ளத்துப் பக்கம் வீசினாத்தான் மோசம், அப்ப புகை கலையாம தரையோட கிடக்கும். ஆனா நோட்டுல அப்படி ஒரு நாள் கூட இல்ல."

காத்து நோட்டு.

தட்ட வச்சுட்டு சமையக்கட்டுக்கு வந்துட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிடுச்சு.

மார்ச் 11, செவ்வாய்

ஆறு மணிக்குப் போனேன். இருட்டு இன்னும் முழுசா விலகல. இருபத்திரெண்டு படி. பன்னெண்டாவது படியில நின்னு முட்டியத் திட்டினேன், அம்பைத் திட்டினேன், கட்டச்சட்டையத் திட்டினேன். அவரு என்ன பண்ணுவாரு பாவம்.

அம்பு மேட்டப் பாத்து நிக்குது. காத்து மேட்டுலேருந்து பள்ளத்துக்கு. மெதுவா. புகை மேல எழும்பல, ஆலைச் சுவத்த ஒட்டி இறங்கி, நான் குழாய் பதிச்ச வழியாவே நடந்து போகுது. வழி கேட்டு வச்ச மாதிரி.

ஒம்பது மணிக்கு ஜன்னல்ல பாத்தேன். ஏரிப் பக்கம்.

ஒரு நாளு அப்படி இருக்கலாம்.

மார்ச் 12, புதன்

ஆறு மணி. மேட்டுலேருந்து பள்ளத்துக்கு.

சுருட்டைமுடி சமையக்கட்டுக்கு வந்துச்சு. சக்கரை கேக்கற சாக்கு. "அண்ணே, நோட்டப் புரட்டிப் பாத்தேன். ஆறு மணியும் ஒம்பது மணியும் பதினாலு மாசமா ஒண்ணு போலவே இருக்கு. ஒரு நாள் கூட மாறல."

"எங்க ஊர்க் காத்து அப்படிம்மா. ஒழுங்கான காத்து"ன்னேன்.

அது சக்கரைய எடுக்காமலே போயிடுச்சு.

ஏண்டா இப்படிச் சொன்ன? வேலை போயிடும். அதான். அம்பத்தி எட்டு வயசுல, இந்த முட்டிய வச்சுக்கிட்டு எவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது? பேசாம இருந்தா வெள்ளிக்கிழமை இவங்க போயிடுவாங்க. தாள் ஃபைலுக்குப் போயிடும். நோட்டு அலமாரிக்குப் போயிடும். எவனுக்கும் தெரியாது.

அக்கா மட்டும் ரெண்டு புகைபோக்கிக்குக் கீழ விரிப்பு போடுவா.

மார்ச் 13, வியாழன்

ஆறு மணி. மேட்டுலேருந்து பள்ளத்துக்கு. மூணுக்கு மூணு.

பதினோரு மணி டீ எடுத்துட்டுப் போனேன். தட்ட மேசை மேல வச்சேன். மேடமும் உக்காந்திருந்தாங்க. முந்தா நாளு எப்படி ஆரம்பிக்கலாம், நேத்து எப்படி ஆரம்பிக்கலாம்னு யோசிச்சு வச்சதெல்லாம் காணோம்.

"ஆறு மணிக் காத்து நான் பாக்காம எழுதினது"ன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"எத்தனை நாளா?"ன்னாங்க மேடம்.

"பதினாலு மாசமாங்க. பெட்டி செத்த புதுசுல, முதல் குளிர்காலம் ஏறினேன். அப்புறம் ஏறல. ஜன்னல்ல பாத்து ஒம்பது மணிக் காத்தையே ரெண்டுக்கும் போட்டேன். இந்த மூணு நாளு ஏறிப் பாத்தேன். மூணு நாளும் பள்ளத்துக்குத்தான் வீசுது."

கட்டச்சட்டை கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. நடந்து போய்ப் பாக்காத ஜென்மம்னு அந்த ஆள ஒரு வாரமா மனசுக்குள்ள கிழிச்சுக்கிட்டு இருந்தேன். அவரு பத்துப் பேரு முன்னாடி ஒரு நிமிஷத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. எனக்கு மூணு நாளு ஆச்சு. அதுவும் ஒரு பொண்ணு வந்து நோட்டக் காட்டினதுக்கு அப்புறம்.

டீ ஆறிப் போச்சு. திரும்ப சுட வச்சுக் குடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கட்டச்சட்டை தாள்ல கையெழுத்துப் போடல. "காலைக் காத்து நம்பும்படி இல்ல, இந்தக் கணக்கு அனுமதிக்கு ஆகாது"ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. போறப்போ சமையக்கட்டுக்கு வந்து கை குடுத்தாரு. ஐஸ் மாதிரி கை. "அண்ணே, குழாயும் நீங்க, காத்தும் நீங்களா?"ன்னாரு. கிண்டலா பாராட்டான்னு புரியல. ரெண்டுக்கும் பொதுவா தலையாட்டி வச்சேன்.

மார்ச் 21, வெள்ளி

சாவியக் குடுக்கச் சொல்லிட்டாங்க. குடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ரெண்டு வருஷமா வந்துக்கிட்டே இருந்த ரிப்பேர் ஆளு ஒரு வழியா வந்து சேந்துட்டானாம். புதுப் பெட்டி மாட்டியாச்சாம். என்னை அனுப்பினதும் அவனுக்கு வழி தெரிஞ்சிருக்கு பாரு. ஒரு முழு வருஷக் காத்து சேர்ற வரைக்கும் ரெண்டாவது புகைபோக்கி பத்திப் பேச்சே இல்லையாம். சுருட்டைமுடி அக்கா வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போச்சு. அக்கா அதுக்கு டீ குடுத்தா. என் டீ மாதிரி இல்ல, தண்ணியா இருந்துச்சு. அதுவும் நல்லா இருக்குன்னுச்சு. படிச்சதுங்க பொய் சொன்னா அழகாத்தான் சொல்லுதுங்க.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்காகிட்ட வேலைக்குச் சேந்து ரெண்டு வாரம். ஒரு முனைய அவ பிடிக்கிறா, இன்னொரு முனைய நான் பிடிக்கிறேன், முறுக்கிப் பிழியணும். இந்த வீட்டுல ஒழுங்கா மூடுற கதவே இன்னும் கிடையாது. என் முனை தளர்ந்தா அவ பேசற பேச்சுக்கு, ஏணியே தேவலை.

"காலைல எழுந்ததும் வாசல்ல நின்னு காத்து எப்படின்னு பாத்துச் சொல்லு. பள்ளத்துக்கு வந்தா கொடியில போட வேணாம், திரும்பினதுக்கு அப்புறம் போடுவோம்"னா.

"அதுக்கு நானு எதுக்கு? ஜன்னல்லேருந்தே..."

அவ பாத்த பார்வையில மிச்சத்த முழுங்கிட்டேன்.

மே 6, செவ்வாய்

ஆறு மணி. மேட்டுலேருந்து பள்ளத்துக்கு. மெதுவா. விரிப்பு போடல.

ஒம்பது மணி. ஏரிப் பக்கம். போட்டாச்சு.

ரெண்டும் வாசல்ல நின்னு பாத்து எழுதினது.