விழாத ரேகை

ஆனி கடைசி வெள்ளி, குடிபாலா

இன்று ரேஷன் கடையில் என் கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை. மாங்காய்க் கம்பெனியில் தோல் சீவிச் சீவி ரேகை தேய்ந்துவிட்டது. விரலைத் தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைப்பது எங்கள் ஊர் வைத்தியம். பழக்கத்தில் நானும் வழுக்கையில் தேய்த்தேன்.

"மாமா, அங்க இன்னா கீதுன்னு தேய்க்கிற?" என்றான் டீலர். வரிசையே சிரித்தது.

கடைசியில் மகள் விரல் வைத்தாள். உடனே ரேகை விழுந்தது.

திரும்பும்போது கேட்டாள்: "கொரோனா போயி எவ்ளோ நாளாச்சு நைனா, இன்னும் அரிசிய சும்மா குடுத்துக்கினே கீறாங்களே?"

"குடுத்துப் பழக்கிட்டாங்க. இப்ப நிறுத்தினா எவன் ஓட்டுப் போடுவான்?"

"முன்னல்லாம் இந்த அரிசி கோழிக்குத்தான்னு சொல்லிக்கினு இருந்தியே?"

"இப்ப நான்தாம்மா கோழி" என்றேன். சிரித்தாள். இரவு அதே அரிசிச் சோற்றை ரசம் ஊற்றி இரண்டு முறை வாங்கித் தின்றேன். திங்கட்கிழமை அவள் திருப்பதி காலேஜுக்குக் கிளம்பிவிடுவாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று. கொரோனாவில் கம்பெனி மூடிக் கிடந்த அந்த வருஷம் இந்த அரிசி வந்திருக்காவிட்டால், திறந்த அன்றே அவள் படிப்பை நிறுத்தி, என்னோடு தோல் சீவக் கூட்டிப் போயிருப்பேன். அவள் ரேகையும் இன்றைக்கு விழுந்திருக்காது.