நெற்றியில் பட்ட பந்து

1908 ஏப்ரல் 28, செவ்வாய்

நியூகாசில் தோற்றுவிட்டது. மூன்றுக்கு ஒன்று. தந்திச் செய்தி என்று பத்திரிகையில் இரண்டே வரி போட்டிருக்கிறான், ஏதோ வெங்காய விலை மாதிரி. நாலு வருடத்தில் மூன்று தடவை கால்பந்துக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போய் மூன்று தடவையும் தோற்ற கழகம் வேறு எங்காவது உண்டா? இந்த முறை இரண்டாம் பிரிவுக்காரர்களிடம் வேறு. முழு விவரம் தபால் கப்பலில் வர இன்னும் நாலு வாரம் ஆகும். அதுவரை ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் துக்கம் காக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோது குணவதி என் முகத்தைப் பார்த்து, "ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?" என்று பயந்து கேட்டாள். நியூகாசில் என்றேன். ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நான் அந்த ஊரைக் கண்டதில்லை. இங்கே சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகத்து நிலக்கரிக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கப்பல் என்ஜினியர் தன் ஊர்க் கழகத்தின் பேரைச் சொன்னார். அன்று பிடித்த பைத்தியம்.

மே 2, சனி

அரை நாள் வேலை. குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னாலுள்ள வெளியில் எங்கள் யாழ்ப்பாணத்தார் கழகத்துப் பிள்ளைகளுக்கு முதல் பயிற்சி. எத்தனை ஆண்டுக் கூட்டத்தில் இதைக் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது! காரியதரிசி அம்பலவாணருக்குக் கழகம் என்றால் தேநீரும் குழுப்படமும்தான். இப்போதும் பெரியவர்கள் அடித்துத் தேய்த்த பழைய பந்தைத்தான் கொடுத்திருக்கிறார். மழையில் ஊறினால் கல். பெரியவர்கள் ஆடுவது கழகத்தின் பேருக்காக, பிள்ளைகள் ஆடுவது ஆட்டத்துக்காக. நல்ல பந்து யாருக்குப் போக வேண்டும்?

ஆனால் விஸ்வலிங்கம்! என் மகன் என்பதற்காக எழுதவில்லை. பதின்மூன்று வயதுக்கு நல்ல உயரம். உயர்ந்து வரும் பந்துக்குக் கீழே எங்கே போய் நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிகிறது. நெற்றியால் ஒரு முட்டு, பந்து நேரே கோலுக்குள். இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வாராவாரம் வாசிக்கிற காரியத்தை என் கண்ணால், என் பிள்ளை செய்யப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம் தூசி என்றேன்.

இரவு. அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும்தான். விபூதி பூசிய நெற்றியில் வட்டமாகச் சேறும், பந்தின் வாயை இழுத்துக் கட்டிய நாடா கீறிய கோடும். குணவதி பிடித்துக்கொண்டாள். பந்து எதனால் செய்தது என்று கேட்டாள். பிள்ளை உள்ளதைச் சொன்னான்.

"மாட்டுத் தோலோ? திருநூறு பூசின நெத்தியிலையோ?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். காலால் எத்தனை தரமும் அடிக்கட்டும், செருப்பும் தோல்தானே, காலில் போடுகிறோம், வாசலில் கழற்றுகிறோம். தலையில் மட்டும் படக் கூடாது என்றாள். அதோடு விட்டாளா? அவன் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். தாயின் தலையில் அடித்த சத்தியம். மீறினால் தாய்க்கு ஆகாது என்று பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மே 5, செவ்வாய்

காலையில் பால் ஊற்ற வந்த பரமசிவத்திடம் விஷயத்தைச் சொன்னேன். மாட்டோடு பிறந்து மாட்டோடு வாழ்கிறவர், அவருக்கு ஒரு வழி தெரியாதா? யோசித்துவிட்டு, "அது சீமை மாட்டுத் தோலுங்க. நம்ம மாடு வேற, அது வேறன்னு சொல்லுங்க" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னேன். "சீமை மாடெண்டால் மாடில்லையோ?" என்றாள். பரமசிவம் பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மே 9, சனி

பயிற்சி. பந்து உயரே வரும்போதெல்லாம் விஸ்வலிங்கம் ஓர் அடி பின்னால் போய் நெஞ்சில் வாங்கப் பார்க்கிறான். பிள்ளை ஆடுவது ஆட்டமாகவே இல்லை.

மே 16, சனி

கம்போங் கப்போர் மலாய்ப் பிள்ளைகளோடு மூன்று ஆட்டம் பேசியிருக்கிறது. இன்று முதலாவது. ஒன்றுக்குச் சுழியம், தோல்வி.

அதை எழுதத்தான் வேண்டும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும். மூலையிலிருந்து பந்து அழகாக வளைந்து வந்தது. கோலுக்கு முன்னால் விஸ்வலிங்கம் தனியே. தலையை ஆட்டினால் போதும், சும்மா ஆமென்று ஆட்டினால் போதும்! குனிந்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தான். பந்து மேலே போயிற்று.

அந்தப் பிள்ளைகள் "தாக்குட், தாக்குட்" என்று கத்தினார்கள் — பயம், பயம் என்று மலாயில். நம்முடைய ஆட்களும் சிரித்தார்கள். கழகத்துக் கோட்டுப் போட்ட ஆட்கள்! எனக்கு வந்த கோபத்தில் யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அவர்களையா, அவளையா, அந்த மாட்டையா?

மே 17, ஞாயிறு

அம்பலவாணர் டிராம் நிற்கும் இடத்தில் பிடித்துக்கொண்டார். "உம்மடை பொடியன் பந்தைக் கண்டு பயப்பிடுறான், அம்பிகைபாகர். நெடுவலாய் இருந்து என்ன பிரயோசனம்?" என்றார். அடுத்த ஆட்டம் பார்ப்பாராம். அதிலும் இப்படியென்றால் வேறு பிள்ளையாம்.

காரணம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். திடலெல்லாம் என் பெண்சாதியின் பேரைச் சொல்லிச் சிரிக்க நான் விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்து விஸ்வலிங்கத்தைத் தனியே கூப்பிட்டேன். பயந்தவன் என்றார்களே, வாயைத் திறந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொன்னால் அம்மாவைச் சிரிப்பினம், ஐயா."

நான் யோசித்து வந்த இடத்துக்கு இவன் திடலிலேயே, பந்து வரும் நேரத்திலேயே வந்துவிட்டான்.

மே 22, வெள்ளி

இன்று கோபப்படாமல் பேசிப் பார்ப்பது என்று தீர்மானித்துப் பேசினேன். இங்கிலாந்தில் பாதிரிமார்கூட இந்தப் பந்தைத் தலையால் முட்டுகிறார்கள் என்றேன். அவர்கள் நெற்றியில் என்ன பூசுகிறார்கள் என்று கேட்டாள். ஒன்றும் பூசுவதில்லைதான்.

பிறகு அவளாகவே சொன்னாள். "போன வருஷம் அவனுக்கு வந்த காய்ச்சலிலை டாக்குத்தர் கையை விரிச்சிட்டுப் போனார். நீங்கள் வாசலிலை நிண்டு அழுதியள். எனக்கு அப்ப அந்த நெத்தியும் நல்லூர்த் திருநூறும்தான் இருந்தது."

உண்மை. ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தத் தகரப் பெட்டியில் பாதி விபூதி அந்தக் காய்ச்சலில்தான் தீர்ந்தது. நெருப்பாய்க் கொதித்த நெற்றியில் பூசிக்கொண்டே இருந்தாள். குளிர்ந்தது. காய்ச்சலுக்காகச் சிரைத்த குடுமி போயிற்று, பிள்ளை மிஞ்சினான். எனக்கு அது ஆடுகிற நெற்றி, அவளுக்கு அது மீட்டெடுத்த நெற்றி. இதில் யார் சரி என்று எந்த நடுவர் ஊதிச் சொல்வார்?

ஒன்று மட்டும் கேட்டேன். அடுத்த ஆட்டத்தை வந்து பார். பெண்கள் நிற்கிற இடமா அது என்றாள். மூடிய குதிரை வண்டி பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 25, திங்கள்

தபால் வந்தது. இறுதியாட்ட விவரம் முழுப் பக்கம். பாதி வாசித்துவிட்டு மூடி வைத்தேன். தோற்கிற கதை வீட்டிலேயே இருக்கிறது.

மே 30, சனி

இரண்டாவது ஆட்டம். வண்டியைக் கோலுக்குப் பக்கமாக மரத்தடியில் நிறுத்தினேன். குணவதி உள்ளே, சாளரப் பலகை பாதி திறந்து. நான் வெளியே வண்டிச் சில்லில் சாய்ந்துகொண்டு.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், அது குரலில் தெரிந்தது. இவ்வளவு வேகமாய் ஓடுவானோ என்று இரண்டு முறை கேட்டாள்.

பிறகு அந்தப் பந்து வந்தது. அதே மாதிரி உயரே, அதே மாதிரி மெதுவாக. விஸ்வலிங்கம் அதன் கீழே வந்து நின்றான். ஒரு நொடி வண்டியைத் திரும்பிப் பார்த்தான். குனிந்தான்.

"தாக்குட்" என்று திடல் முழுக்கக் கத்திற்று. வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அறியாமல் நாலடி தள்ளி நின்ற அம்பலவாணர், "இந்தப் பயந்தாங்கொள்ளியை ஆர் உள்ளுக்கு விட்டது?" என்று உரக்கச் சொன்னார். விட்டது அவர்தான்.

குணவதி உள்ளேயிருந்து என்னைக் கேட்டாள், என்ன கத்துகிறார்கள் என்று. சொன்னேன். பிள்ளை ஏன் உள்ளதைச் சொல்லவில்லை என்று கேட்டாள். அதையும் சொன்னேன், அவன் எனக்குச் சொன்ன அதே சொல்லில். பலகையைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டுக்கு ஒன்று, தோல்வி.

ஜூன் 1, திங்கள்

அம்பலவாணர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். மூன்றாவது ஆட்டத்துக்கு விஸ்வலிங்கம் இல்லை. பிள்ளை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான், புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜூன் 3, புதன்

குணவதி பேசுவதே இல்லை. என் மேல் கோபமா, தன் மேலா? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பரமசிவத்தின் மனைவி கமலா பார்த்து, பரமசிவம் கேட்டு, எனக்கு வந்தது.

செராங்கூன் சாலைக் காளி கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூசை. அம்பலவாணரின் மனைவி மனோரஞ்சிதமும் நம் பெண்கள் பலரும் நின்றிருக்கிறார்கள். பூசை முடிந்து எல்லாரும் விபூதி வாங்குகிற நேரத்தில், என் குணவதி, அடுத்த வீட்டாரோடு பேசவே கூசுகிற என் குணவதி, மனோரஞ்சிதத்துக்கு முன்னால் போய் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறாள்:

"என்ரை பிள்ளை பயந்தவனில்லை. நான்தான் என்ரை தலையிலை சத்தியம் வாங்கிக் கட்டிப்போட்டனான். சிரிக்கிற ஆக்கள் என்னைச் சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்டதாகக் காட்டவில்லை. பிள்ளை அவளுக்காக மறைத்ததை அவள் பிள்ளைக்காகத் திறந்துவிட்டாள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் யார்? நியூகாசில்காரன்.

ஜூன் 7, ஞாயிறு

அம்பலவாணர் தானே வந்தார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று என்னிடம் குறைப்பட்டார். பிள்ளை ஆடட்டும், காலால் ஆடினாலும் போதும், ஓட்டம் நல்லது என்றார். அந்தக் "காலால் ஆடினாலும்" அவர் வாயிலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, தன் வீட்டிலும் இரண்டு நாளாகப் பந்து எந்த மாட்டுத் தோல் என்று விசாரணை நடப்பதாகச் சொன்னார். அவருடைய மகன்தான் எங்கள் கோல்காவலன். பந்து அவன் தலையில் எத்தனை தரம் பட்டிருக்கும்!

குணவதி அவருக்குக் கோப்பி கொடுத்தாள். சீனி கூடவே போட்டிருந்தாள்.

ஜூன் 13, சனி, காலை

இன்று மூன்றாவது ஆட்டம். வேலைக்குப் போகுமுன் இதை எழுதிவிட வேண்டும்.

சாமி படத்துக்கு முன்னால் விஸ்வலிங்கம் வழக்கம் போல நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான். குணவதி தகரப் பெட்டியைத் திறந்தாள். நெற்றியில் பூசவில்லை. நெஞ்சில் மூன்று குறி இழுத்தாள், இரண்டு தோளிலும் இழுத்தாள். பெட்டியை மூடினாள். பிள்ளை விளங்காமல் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு அவன் கையைப் பிடித்தாள். அன்று போலவே தன் உச்சந்தலையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பின் தானே அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"போயிட்டு வா" என்றாள்.

மாலை

தோற்றோம். மூன்றுக்கு இரண்டு.

வண்டி பேசட்டுமா என்று மதியம் கேட்டதற்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். என்ன வேலை என்று இப்போதுதான் தெரிந்தது. வாசலுக்கு வரும்போதே சீயாக்காய் அவிக்கிற மணம். முன் வாசல் சாத்தியிருந்தது. பின்னால் கிணற்றடியில் ஒரு வாளி வெந்நீர், சட்டியில் சீயாக்காய், பிழிந்த தேசிக்காய்ப் புளி, கொடியில் தோய்த்துலர்ந்த வேட்டி. முடி வெட்டி வந்த அன்று முழுகிவிட்டு உள்ளே வருவதற்கு எப்படி வைப்பாளோ அப்படியே வைத்திருந்தாள்.

விஸ்வலிங்கத்தின் நெற்றியில் நாடாக் கீறல் சிவந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"தலையிலை பட்டதோ?"

"ரெண்டு தரம், அம்மா. ஒண்டு மேலாலை போயிட்டுது. ஒண்டு கோல்."

சீயாக்காய்ச் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"அப்ப ரெண்டு தரம் தேய்."

முழுகி, தலை துவட்டி உள்ளே வந்தவனுடைய ஈர நெற்றியில், கீறலுக்கு மேலேயே, நல்லூர் விபூதியை அள்ளிப் பூசினாள். எரிகிறது என்றான். எரியட்டும் என்றாள்.

மேசையில் புதிய தபால் கட்டு இருக்கிறது. இன்னும் அவிழ்க்கவில்லை. அந்தக் கோலை விஸ்வலிங்கம் அடுக்களையில் தாய்க்கு ஆடிக் காட்டிக்கொண்டிருக்கிறான், நான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.