அம்மா முதலில் போன இடம்

நவம்பர் 6, செவ்வாய்

மழை. நூலகத்தில் கூட்டமில்லை. திரும்பி வந்த சமையல் புத்தகம் ஒன்றுக்குள் காய்ந்த வெங்காயத் தோல் இருந்தது. யாரோ நிஜமாகவே சமைத்துப் பார்த்திருக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

தோழி மியோ சப்போரோவுக்குக் குடிபோகும்போது கொடுத்த சைக்கிள் போலீஸ் பதிவில் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற, கையெழுத்துக்குப் பதிலாக அவள் முத்திரை வைத்த தாள் வேண்டும். புது வேலையில் ஓடிக்கொண்டிருப்பவளை இதற்காகத் தொந்தரவு செய்வதா? மூன்று மாதமாகத் தள்ளிப்போடுகிறேன்.

நவம்பர் 12, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. வலது மணிக்கட்டில் கட்டு, ஆறு வாரத்துக்கு.

மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

வியாழன் மாலை வேலை முடிந்து வரும்போது பாலத்துப் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். முனையில் இருக்கும் காவல் சாவடிக்காரர்கள். தினமும் பார்க்கும் முகங்கள். சைக்கிள் பதிவெண்ணை வயர்லெஸ்ஸில் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். மியோ பெயர் வந்தது.

"உங்க பேரு இது இல்லையே?"

தோழி கொடுத்தது என்றேன். அவளுக்குப் போன் போடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

"அப்ப அந்தப் பையைக் கொஞ்சம் திறங்க."

"வேண்டாங்க."

"ஒண்ணும் இல்லேன்னா காட்டறதுல என்னங்க கஷ்டம்?"

பையில் இந்த நோட்டு இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

இளையவர் பையின் வாரைப் பிடித்தார். நான் இழுத்தேன். என் முழங்கை அவர் மார்பில் பட்டது. பட்டது, அவ்வளவுதான். "கை வச்சிட்டா" என்று மூத்தவர் சொன்னார். அடுத்த நொடி என் கன்னம் ஈரத் தரையில் இருந்தது. முதுகில் முழங்கால். கையைப் பின்னால் வளைத்தார்கள் — நான் அசையவில்லை — இன்னும் வளைத்தார்கள். சத்தம் முதலில் வந்தது, வலி பிறகு.

"கை உடையுதுங்க."

"அப்ப சும்மா கிட."

மருத்துவமனைக்கு மறுநாள்தான் கூட்டிப்போனார்கள். மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் "விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் "ஆமா, விழுந்துட்டாங்க" என்றார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை?

நிலையத்தில் இரண்டு இரவு. ஒரு தாளைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள்: போலீஸ்காரரைத் தள்ளினேன், வருந்துகிறேன். "விரல் ரேகை வச்சா இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்." வைக்கவில்லை. சனிக்கிழமை மாலை விட்டார்கள். வழக்குப் போடுவதா இல்லையா என்பதை அரசு வழக்கறிஞர் பிறகு சொல்வாராம்.

பையைத் திருப்பிக் கொடுத்தபோது நோட்டு உள்ளே இருந்தது. படித்திருப்பார்களா?

நவம்பர் 13, செவ்வாய்

அம்மா வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாளாம். போலீஸ் போன் செய்ததும் பள்ளிச் சமையல் வேலைக்கு விடுப்புச் சொல்லி, முதல் ரயிலில். ஊர்க் கடையில் பயறு இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு நேராகப் பாலத்துச் சாவடிக்குப் போயிருக்கிறாள். அந்த இரண்டு பேர் முன்னால் இடுப்பு மடியக் குனிந்திருக்கிறாள்.

என்னிடம் இன்று காலைதான் சொன்னாள், முள்ளங்கி நறுக்கிக்கொண்டே.

"ரொம்ப மரியாதையாதான் பேசினாங்க. பெட்டிதான் வாங்க மாட்டோம்னுட்டாங்க, சட்டமாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. எம் பொண்ணு உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டா, சின்ன வயசுலேர்ந்தே பிடிவாதக்காரி, மன்னிச்சிடுங்கன்னேன்."

"என்ன நடந்துச்சுன்னு என்னைக் கேட்டியாம்மா?"

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல குனிஞ்சிடணும். உங்கப்பா வண்டியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு மதில்ல இடிச்சப்பவும் நான் முதல்ல போய்க் குனிஞ்சதாலதான் இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டோட பேச்சுவார்த்தை இருக்கு."

மூன்று நாள் நான் சொல்ல மறுத்ததை அம்மா மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மாலை ரயிலுக்குப் போய்விட்டாள். குளிர்பெட்டியில் நான்கு நாளுக்கு உணவு, ஒவ்வொரு டப்பாவிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கிறாள். மூடிகளை லேசாகத்தான் மூடியிருக்கிறாள். ஒரு கையால் திறக்க வேண்டுமே.

நவம்பர் 15, வியாழன்

உள்ளூர்ச் செய்தித்தாளில் ஐந்து வரி. என் பெயர், வயது, வேலை, "போலீஸ்காரரைத் தள்ளிய பெண் கைது." நூலகத்தில் செய்தித்தாள்களைக் கம்பியில் மாட்டுவது என் வேலை. அந்த நாளிதழை வேறு யாரோ மாட்டியிருந்தார்கள்.

நவம்பர் 17, சனி

நூலகக் கண்காணிப்பாளர் ஒகினுமா கூப்பிட்டார். "கை சரியாகற வரைக்கும் உள் அறையில உக்காந்து கிழிஞ்ச புத்தகம் ஒட்டேன்" என்றார். ஒட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். அவருக்கும் தெரியும்.

நவம்பர் 20, செவ்வாய்

இன்று யாரும் என்னோடு பேசவில்லை. தானியங்கிக் கதவு மட்டும் திறந்தது.

நவம்பர் 29, வியாழன்

வழக்கறிஞர் நிஷிவாகியைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும், குள்ளமான பெண்மணி; பேசும்போது இருமல் மிட்டாயைக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டார். முதல்முறையாக ஒருவர் முழுதாகக் கேட்டார்.

"சாட்சி?"

"யாரும் இல்லைங்க. மழை."

"மருத்துவர்?"

"'விழுந்ததில் முறிவு'ன்னு எழுதியிருக்கார்."

"வேற ஏதாவது? இப்பவே சொல்லிடுங்கம்மா. கோர்ட்ல போய் எனக்கு அதிர்ச்சி குடுக்காதீங்க."

அம்மா சாவடிக்குப் போனதைச் சொன்னேன். அவர் மிட்டாயைக் கடித்துவிட்டார்.

"அடடா. அவங்க கேஸ் கட்டுல முதல் தாள் அதுவாத்தான் இருக்கும். தேதி, நேரம், அம்மா சொன்ன வார்த்தை, எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க." கொஞ்சம் கழித்து, "அதை உடைக்க ஒருத்தராலதான் முடியும். மகள்கிட்ட எதையும் கேட்காமலேதான் போய்க் குனிஞ்சேன்னு உங்கம்மா கோர்ட்ல வந்து சொல்லணும்."

டிசம்பர் 2, ஞாயிறு

அம்மாவுக்குப் போன்.

"போலீசுக்கு எதிரா நான் கூண்டுல ஏறணுமா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் இந்த ஊர்ல இருக்க வேண்டாமா? என் கையால இருநூறு பிள்ளைங்க சாப்பிடுதுடி."

"எதிரா இல்லம்மா. நடந்ததை—"

"கை கூடிடுச்சா?"

"இன்னும் மூணு வாரம்."

"கூடிடும். கூடினதும் விட்டுடு."

ஜனவரி 23, புதன்

அரசு வழக்கறிஞரின் முடிவு வந்தது. குற்றம் உண்டு, ஆனால் வழக்குப் போடவில்லை. காரணங்களில் ஒன்று: "குடும்பத்தினர் உடனடியாக மன்னிப்புக் கேட்டனர்."

அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா, நான் போனதாலதான் உன்னை விட்டாங்க" என்றாள். அவள் குரலில் இருந்தது பெருமை இல்லை, நிம்மதி. ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 10, ஞாயிறு

யாரிடமும் சொல்லாத ஒன்று. நிஷிவாகியிடம்கூட.

தரையில் கிடந்தபோது, முழங்கால் முதுகில் இருந்தபோது, நானும் "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்றுதான் சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது. எதற்கு? முழங்கை பட்டதற்கா? சைக்கிளுக்கா? பாலத்து வழியை மறித்துக்கொண்டு கிடந்ததற்கா? வாய் தானாகச் சொன்னது.

அப்புறம் அம்மாமேல் எனக்கு என்ன கோபம்?

இருக்கிறது. நான் சொன்னபோது முதுகில் முழங்கால் இருந்தது. அம்மாவின் முதுகில் யாரும் இல்லை.

அப்படியா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

நிஷிவாகியிடம் அதையும் சொல்லிவிட்டேன். "எல்லாருமே சொல்றாங்கம்மா" என்றார். "என் கேஸ் கட்டுல இருக்கற பதினோரு பேரும் சொல்லியிருக்காங்க." போலீஸை நடத்தும் மாகாண அரசின்மேல் வழக்குத் தொடர்வது என்று முடிவு.

மார்ச் 31, ஞாயிறு

நூலக வேலையின் ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒகினுமா பூங்கொத்து கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் குனிந்து நன்றி சொன்னேன். மணிக்கட்டு பாதிக்குமேல் திரும்புவதில்லை. பூங்கொத்தை இடது கையில் வாங்கினேன்.

ஜூலை 18, வியாழன்

பகலில் பாலத்தில் அந்த இளையவரைப் பார்த்தேன். வயதானவர் ஒருவரின் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு மெல்ல நடந்துகொண்டிருந்தார். "தாத்தா, பாத்து, படி இருக்கு" என்றார். அந்த அன்பு பொய் இல்லை. அதைப் பார்த்தபிறகு அன்று முழுவதும் என்னால் சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 9, புதன்

விசாரணை. நிஷிவாகி கடிதம் எழுதியும் அம்மா வரவில்லை. கையின் எக்ஸ்ரேயைப் பெரிய திரையில் போட்டார்கள். பார்வையாளர் வரிசையில் மூன்று பேர், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

தோற்றுவிட்டோம்.

நீதிபதி தீர்ப்பை வாசித்து முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. தாள் கையில் கிடைத்ததும் நின்றுகொண்டே படித்தேன். பக்கம் பதினான்கு: "வாதியின் தாயார் மறுநாளே நேரில் வந்து, மகள் சிறுவயது முதலே பிடிவாதக்காரி என்று கூறி மன்னிப்புக் கோரியுள்ளார். வாதியே முதலில் தள்ளினார் என்பதை இது வலுப்படுத்துகிறது."

"மேல்முறையீட்டுக்குப் பதினாலு நாள்" என்றார் நிஷிவாகி. "யோசிச்சுச் சொல்லுங்க. நான் அவசரப்படுத்த மாட்டேன்."

அம்மா தீர்ப்பைப் படிக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தாளாம். பிரதி அனுப்பிவிட்டாராம். எனக்கு இதுவரை தெரியாது.

பிப்ரவரி 24, திங்கள்

அம்மாவிடமிருந்து அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

காலை பத்து மணிக்கு அம்மாவின் போன். பள்ளியில் இருக்கவேண்டிய நேரம்.

"வேலைக்குப் போகலியா?"

"லீவு போட்டேன்."

தாள் புரளும் சத்தம்.

"பதினாலாம் பக்கத்துல நான் இருக்கேன்."

"ம்."

"பிடிவாதக்காரின்னு நான் சொன்னது எதுக்குன்னா, சின்னப் பொண்ணுன்னு நினைச்சு இரக்கப்படுவாங்கன்னுதான். இப்படி எழுதிக்குவாங்கன்னு—" நிறுத்திவிட்டாள். "அந்த வக்கீலம்மாகிட்ட இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு கேட்டேன். ஒரு வாரம் இருக்குன்னாங்க."

"நீ வர வேண்டாம்மா. ஊர்ல பேசுவாங்க."

"அது என் பாடு." மூக்கை உறிஞ்சினாள். "அங்க போய் நின்னு, இவகிட்ட நான் ஒண்ணுமே கேக்கலேன்னு சொல்லணும். சொல்லிடுவேன். 'சரி, இப்பவாவது தெரியுமா'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? ஒண்ணும் தெரியாதே எனக்கு. ஒண்ணேகால் வருஷமாச்சு."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லு, சிஹோ. அவசரமில்லை. அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை என்றேன். அங்கிருந்தே தொடங்கினேன்.