பேர் விழாதவள்

போன இடத்திலும் கொப்பியும் பேனையுமாக இருக்கும் என் அண்ணனுக்கு,

நீ காய்ச்சலில் போய் எட்டு மாதம், அண்ணே. வருசத் திவசத்துக்குள் உன் நாவலை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று எல்கடுவ தோட்டத்து லய வீட்டில் உட்கார்ந்து ஆறு கொப்பியையும் போனில் தட்டி முடித்தேன். உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. உன்னைத் திட்டாத நாளில்லை.

அழாத நாளும் இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த நம் ஆட்களின் கதையை, வழியில் வாந்திபேதியில் செத்த ஒரு பிள்ளைத்தாச்சியின் ஆவியைக் கொண்டே சொல்ல வைத்தாயே, அது உனக்கு எப்படித் தோன்றியது? பாதையோரம் விட்டுவிட்டுப் போனவர்களின் பின்னாலேயே அவள் வந்துவிடுகிறாள். தினமும் காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கடைசியாக நிற்கிறாள். எல்லாருக்கும் அன்றைய வேலைக்குப் பேர் விழுகிறது, அவளுக்கு மட்டும் விழுவதில்லை. பேர் விழாமல் திரும்புகிறவளின் வயிற்றெரிச்சல் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தானே தெரியும்.

அவள் பேர் வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கோடு போட்டிருந்தாய். "ஏண்ணே, ஒரு பேரு கெடைக்கலையா?" என்று நீ இருந்தபோது ஒருநாள் கேட்டேன். "பேரு வச்சா வந்து நின்னுருவா, செல்வி" என்று சிரித்தாய். சீகிரியா ஹோட்டல் வேலையில் வெள்ளைக்காரர்களுக்குக் கதைவிட்டுப் பழகிய வாய் என்று நானும் சிரித்தேன்.

மாத்தளை அச்சகக்காரர் விடவில்லை. "கோடு கோடா இருந்தா எப்படிங்க வாசிப்பாங்க? ஏதாவது ஒரு பேரப் போடுங்க" என்றார். நம் சொந்தத்தில் இல்லாத பேராகப் பார்த்து மருதாயி என்று போட்டேன். அது பிழையா, அண்ணே?

நேற்றுப் பெரட்டில் கணக்கப்பிள்ளை எல்லாப் பேரையும் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினார். மூடிவிட்டு "மருதாயி" என்றார். கூப்பிட்டவரே திகைத்துப்போய், "யாரு மருதாயி? நான் ஏன் கூப்பிட்டேன்?" என்று எங்களைப் பார்த்தார்.

"வந்துட்டேங்க" என்று என் பக்கத்தில் ஒரு குரல். என் மகள், உன் மருமகள் கவிதா. ஏழு மாத வயிற்றோடு இலேசான வேலைக்கு வந்திருந்தாள்.

"ஏன்டி பதில் சொன்ன?" என்றேன்.

"நான் வாயே தொறக்கலையேம்மா."

உடனே அச்சகத்துக்குப் பேசி அந்தப் பேரை எடுக்கச் சொன்னேன். இன்றைக்கு அவளை வேலைக்கும் விடவில்லை. அப்படியும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அந்தப் பேரைக் கூப்பிட்டார். அதே நேரம் லயத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் "வந்துட்டேங்க" என்றாளாம். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னார்.

உன் கடைசிக் கொப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் பேருக்கு மூன்று நாள் பதில் சொல்லுகிறவள் மூன்றாம் நாள் அவளோடு போய்விடுவாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு வெறும் தாள். ஏன் அண்ணே முடிக்காமல் போனாய்? தெரிந்துதான் கோடு போட்டு வைத்திருந்தாயா?

பயமாக இருக்கிறது. ஆனால் பேர் வைத்தவள் நான்தானே, கவிதா இல்லையே. நாளைக்குக் கணக்கப்பிள்ளை வாயைத் திறந்ததும் என் பிள்ளையை முந்திக்கொண்டு நான் பதில் சொல்லிவிடுவேன். அவளோடு போகிறவள் நானாக இருக்கட்டும். இது உனக்குத் தருகிற சத்தியம். நீ எழுதாமல் விட்ட கடைசிப் பக்கத்தை நேரில் வந்து சொல்கிறேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மருதாயி