சும்மா நின்றவள்

செவ்வாய் இரவு, ராஜபாளையம்.

இன்று சேத்தூர்க்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பெரிய டாக்டர் மூலையில் உட்கார்ந்து, திரைப்பெட்டியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு ரோபோவை இயக்கினார். நானும் சர்ஜன்தான். ஆனால் நான் நோயாளியின் பக்கத்தில் நின்றேன். ரோபோவின் கைகள் தலையில் இடிக்காமல் கழுத்தை வளைத்துக்கொண்டு கருவிகளை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் பெரிய டாக்டர் எழுந்தார். "லேப்ராஸ்கோப்பி பண்றப்பல்லாம் தோள்பட்டை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும்மா. இப்ப வலியே இல்ல."

ரோபோ வருவதற்கு முன் இருவருமே நின்றுதான் செய்தோம், இருவருக்குமே வலித்தது. இப்போது அவர் பங்கும் எனக்கே வந்துவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மருத்துவமனை அவருடையது.

வெளியே நோயாளியின் மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா என்ன செஞ்சாவ?" என்று கேட்டாள்.

"அவங்க சும்மா பக்கத்துல நின்னாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து பின்னலை அவிழ்க்கக் கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் ஏறவில்லை. பின்னலோடே படுக்கப் போகிறேன். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருவர் வருகிறார்கள். இரண்டு ஆபரேஷனும் ரோபோவில்தான். காலையிலேயே போய்ச் சும்மா நிற்க வேண்டும்.